ஆல், அரசு, அத்தி: ஃபைகஸ் பேரினம்

ஆலமரமும் அரசமரமும் அத்திமரமும் பார்வைக்கு ஒட்டுறவு இல்லாதவை. ஆல் கிளைக்குக் கிளை விழுது இறக்கி அகலத்தில் வளர்கிறது. அரசு விழுதை நம்புவதில்லை. நீண்ட காம்பில் தொங்கும் வால்நுனி இலைகள் லேசான காற்றுக்கும் சலசலக்க, நிமிர்ந்து உயர்கிறது. அத்தி ஆற்றங்கரையையும் ஓடைக்கரையையும் நாடி நின்று, அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. இந்த மூன்றையும் தாவரவியல் ஃபைகஸ் என்னும் ஒரே பேரினத்தில் சேர்க்கிறது. அதற்கு முதன்மையான காரணம் காய். மூன்றின் காயையும் பிளந்து பார்த்தால் உள்ளமைப்பு ஒன்றே. பூக்கள் காய்க்குள் மூடிக் கிடக்கின்றன என்ற ஒரே உண்மையிலிருந்துதான் இப்பேரினத்தின் மற்ற விசித்திரங்கள் பெரும்பாலும் கிளைக்கின்றன.

பரப்பும் வடிவங்களும்

ஃபைகஸ் பேரினத்தில் ஏறத்தாழ 850 சிற்றினங்கள் உள்ளன. மரத்தாவரங்களில் இவ்வளவு பெரிய பேரினங்கள் அதிகம் இல்லை. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஆஸ்திரேலியா ஆகியவற்றின் வெப்பமண்டலப் பகுதிகள் அனைத்திலும் இவை உண்டு. மிகுதியாக இருப்பது தென்கிழக்கு ஆசியாவிலும் அதையடுத்த தீவுகளிலும். வெப்பமண்டலத்தைத் தாண்டி நிலைத்தவை சில மட்டுமே. மேற்கு ஆசியாவிலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் விளையும் சீமையத்தி அவற்றில் முக்கியமானது.

பேரினம் அடங்கியுள்ள குடும்பம் மோரேசி. பலாவும் ஈரப்பலாவும், பட்டுப்புழுவுக்கு இலை தரும் முசுக்கொட்டையும் இதே குடும்பத்தவை. பலாப்பழமும் பல பூக்கள் சேர்ந்து உருவாகும் கூட்டுக்கனிதான். ஆனால் பலாவில் பூக்கள் வெளிப்புறத்தில் அமைகின்றன, ஃபைகஸில் உட்புறத்தில்.

1753இல் கார்ல் லின்னேயஸ் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' நூலில் ஆல் ஃபைகஸ் பெங்காலென்சிஸ் என்றும், அரசு ஃபைகஸ் ரிலிஜியோசா என்றும், அத்தி ஃபைகஸ் ரெசிமோசா என்றும், சீமையத்தி ஃபைகஸ் காரிகா என்றும் பெயர் பெற்றன. ஆசியச் சிற்றினங்களின் பெருந்தொகையை ஒழுங்குபடுத்தியவர்களில் முதன்மையானவர், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஈ. ஜே. எச். கார்னர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் செய்த வகைப்பாட்டின் மேல்தான் பின்வந்தவர்கள் கட்டினார்கள்.

ஒரே பேரினத்துக்குள் இத்தனை வளர்வடிவங்கள் இருப்பது அரிது. வானளாவும் காட்டுமரங்கள், ஓடையோரப் புதர்கள், பாறை இடுக்கில் வேர்விடும் குறுமரங்கள், பிற மரத்தின் மேல் முளைத்து அதைச் சுற்றி வளைப்பவை, சுவரில் ஒட்டிப் படரும் கொடிகள் என எல்லாம் இதில் அடங்கும். நகரங்களில் மதில்களைப் பச்சையாக மூட வளர்க்கப்படும் ஃபைகஸ் பூமிலா கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த கொடி. அதன் ஒரு வகையின் விதைகளைத் தண்ணீரில் பிசைந்து தைவானில் குளிர்ந்த ஜெல்லி செய்கிறார்கள்.

வடிவம் எப்படி மாறினாலும் மூன்று அடையாளங்கள் பேரினம் முழுவதையும் காட்டிக்கொடுக்கும். முதலாவது பால். இலையைக் கிள்ளினாலும் பட்டையைக் கீறினாலும் வெண்பால் வடியும். அது காயத்தை மூடுகிறது. கடிக்க வரும் பூச்சியின் வாயை ஒட்டவைக்கிறது. புரதத்தைச் செரிக்கும் ஃபிசின் என்ற நொதியும் பல சிற்றினங்களின் பாலில் இருக்கிறது. இரண்டாவது, கிளை நுனியின் மொட்டு. இளம் இலையைக் கூரான இலையடிச் செதில்கள் பொதிந்து காக்கின்றன. இலை விரிந்ததும் அவை உதிர்ந்துவிட, கிளையைச் சுற்றி மோதிரத் தழும்பு ஒன்று எஞ்சுகிறது. ரப்பர் செடியில் சிவந்த உறையாகத் தெரிவது இந்தச் செதில்தான். மூன்றாவது அடையாளம் காய்.

காய்க்குள் பூக்கள்

பிஞ்சு அத்திக்காய் ஒன்றைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்தால் முதலில் வருவது பால். அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், சதைப்பற்றான சுவரும் நடுவே ஒரு வெற்றிடமும் தெரியும். சுவரின் உட்பக்கம் முழுவதும் இளஞ்சிவப்பும் வெண்மையுமாக நுண்ணிய காம்புகள் நெருங்கி நிற்கும். கைலென்ஸ் வழியாகப் பார்த்தால் ஒவ்வொரு காம்பும் ஒரு பூ. சிறிய காய்களில் சில நூறு பூக்கள், அத்தி போன்ற பெரிய காய்களில் சில ஆயிரம். காம்புக்கு எதிர்முனையில் ஒரு துளை உண்டு. அதைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அடைத்திருக்கும்.

ஆகவே காய் என்று சொல்லப்படுவது உண்மையில் ஒரு பூங்கொத்து. மஞ்சரியின் தண்டு குடம் போலக் குழிந்து, பூக்களை உள்ளே வைத்து வாயை மூடிக்கொண்டுள்ளது. இந்த அமைப்புக்குச் சைகோனியம் என்று பெயர். மஞ்சரி வெளியே தெரியாததால்தான் அத்தி பூத்ததை யாரும் பார்ப்பதில்லை. ஆண்டில் பல முறை அது பூத்துக்கொண்டுதான் இருக்கிறது.

மூடிய மஞ்சரியால் செடிக்கு ஒரு பாதுகாப்பும் ஒரு சிக்கலும் சேர்ந்தே வருகின்றன. மழை, வெயில், பூக்களைத் தின்னும் பூச்சிகள் ஆகியவற்றிலிருந்து பூக்கள் தப்புகின்றன. ஆனால் காற்றால் மகரந்தம் உள்ளே போக முடியாது. தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வழியில்லை. ஆண்பூக்களும் பெண்பூக்களும் ஒரே காய்க்குள் இருந்தாலும் பெண்பூக்கள் முதிர்ந்து பல வாரங்கள் கழித்தே ஆண்பூக்கள் மகரந்தம் தருகின்றன. எனவே தன் மகரந்தமும் தனக்கு உதவாது. இந்தச் சிக்கலைத் தீர்ப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள அத்திக்குளவி. அது அகோனிடே என்னும் பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

குளவியின் ஒரு தலைமுறை

பெண்பூக்கள் முதிர்ந்ததும் காய் ஒரு வாசனையை வெளியிடுகிறது. வாசனைச் சேர்மங்களின் கலவை சிற்றினத்துக்குச் சிற்றினம் வேறுபடுவதால் அதற்குரிய குளவி அதைத் தேடி வருகிறது. மகரந்தம் சுமந்த பெண்குளவி துளையின் செதில்களுக்கிடையே நெருக்கிப் புகுகிறது. தட்டையான தலையும், தாடையில் பின்னோக்கிய பற்களும் அதற்கென்றே அமைந்தவை. நுழையும்போது இறக்கைகளும் உணர்கொம்புகளின் நுனிகளும் பெரும்பாலும் முறிந்து செதில்களிடையே சிக்கிக்கொள்கின்றன. உள்ளே போன குளவி திரும்பி வருவது அநேகமாக இல்லை.

உள்ளே அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. பூவின் சூல்தண்டு வழியாக முட்டையிடும் ஊசியைச் செலுத்திச் சூலகத்தில் ஒரு முட்டை இடுகிறது. அதோடு மார்பின் அடியிலுள்ள சிறு பைகளிலிருந்து முன்கால்களால் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடிகளில் வைக்கிறது. மலரைத் தேடிச் செல்லும் பெரும்பாலான பூச்சிகள் உடலில் ஒட்டிய மகரந்தத்தைத் தற்செயலாகவே உதிர்க்கின்றன. அத்திக்குளவிகளில் பல இதை வேண்டுமென்றே செய்கின்றன. இந்த உழைப்புக்குக் காரணம் உண்டு. முட்டையிட்ட பூ கழலையாகத் தடித்து புழுவுக்கு உணவாகிறது. மகரந்தம் விழாத காயில் அந்த உணவு சரியாக உருவாவதில்லை. மகரந்தம் கொண்டுவராத குளவிகள் புகுந்த காய்களைச் சில மரங்கள் உதிர்த்தேவிடுகின்றன என்பது பனாமாவில் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது. உதிர்ந்த காயோடு குளவியின் சந்ததியும் அழிகிறது.

முட்டை விழாத பூக்கள் விதையாகின்றன. முட்டை விழுந்தவை குளவியாகின்றன. சில வாரங்களில் முதலில் வெளிவருபவை ஆண்குளவிகள். இவற்றுக்கு இறக்கை இல்லை, கண்களும் பேருக்குத்தான். பெண்குளவிகள் இன்னும் கழலைக்குள் இருக்கும்போதே ஆண்கள் அதில் ஓட்டையிட்டுப் புணர்கின்றன. அதற்குள் காயினுள்ளே கரியமில வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு கூடியிருக்கும். அரசங்காய்களில் இதை இஸ்ரேலிய ஆய்வாளர் யாக்கோவ் காலில் 1970களில் சோதித்தார். அந்தச் சூழலில் ஆண்குளவிகள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன, பெண்குளவிகள் அடங்கிக் கிடக்கின்றன. ஆண்கள் கூடிச் சுவரைக் குடைந்து வழி திறந்ததும் வெளிக்காற்று உள்ளே வருகிறது. பெண்கள் விழித்து வெளியேறுகின்றன.

இதே நேரத்தில்தான் ஆண்பூக்கள் முதிர்கின்றன. பெண்குளவி கிளம்புமுன் மகரந்தத்தைப் பைகளில் நிரப்பிக்கொள்கிறது. ஆண்களின் கதை அத்தோடு முடிகிறது. சுரங்கத்தின் வழியே வெளியே விழுபவை எறும்புகளுக்கு இரையாகின்றன. பெண்ணுக்கு மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு நாள் ஆயுள். அதற்குள் பெண்பூக்கள் முதிர்ந்த நிலையிலுள்ள இன்னொரு மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். குளவிகள் போன பிறகு காய் மென்மையாகி, நிறமும் இனிப்பும் ஏறிப் பழமாகிறது.

இவ்வளவு சிறிய பூச்சி எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்கு நமீபியாவின் பாலைவனம் விடை தந்தது. ஆற்றுப்படுகையோரம் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் நிற்கும் ஃபைகஸ் சைகமோரஸ் மரங்களையும் அவற்றின் நாற்றுகளையும் மரபணு முறையில் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு, குளவிகள் 160 கிலோமீட்டர் வரை மகரந்தத்தைக் கொண்டுசென்றதைக் காட்டியது. குளவி அவ்வளவு தூரம் தன் வலிமையால் பறப்பதில்லை. உயரே எழும்பிக் காற்றோடு போகிறது.

ஓரில்லமும் ஈரில்லமும்

மேலே சொன்னது ஆல், அரசு, அத்தி போன்ற ஓரில்லச் சிற்றினங்களின் கதை. அவற்றில் ஒரே காய் விதையையும் தருகிறது, குளவியையும் தருகிறது. பேரினத்தில் ஏறத்தாழ பாதிச் சிற்றினங்கள் ஈரில்லம் என்னும் வேறு வழியைப் பின்பற்றுகின்றன. பேயத்தியும் சீமையத்தியும் அந்த வகை. இவற்றில் சில மரங்களின் காய்களில் ஆண்பூக்களோடு, சூல்தண்டு குட்டையான பெண்பூக்களும் உள்ளன. குளவியின் ஊசிக்கு அந்தச் சூலகம் எட்டுவதால் அங்கே குளவிகள் வளர்கின்றன. விதை அநேகமாக இல்லை. மற்ற மரங்களின் காய்களில் நீண்ட சூல்தண்டுள்ள பெண்பூக்கள் மட்டுமே. அங்கே ஊசி எட்டாது. குளவி மகரந்தம் வைத்துவிட்டு முட்டையிட முடியாமல் செத்துப்போகிறது. காயில் விதை நிறைகிறது.

இரண்டு வகை மரங்களின் காய்களையும் குளவியால் பிரித்தறிய முடியாததால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கிறது. விதை மட்டும் தரும் பெண்மரத்தின் காய்க்குள் நுழையும் ஒவ்வொரு குளவியும் ஏமாற்றப்பட்ட குளவி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு மரங்களும் காய்த்து நிற்பதாகவே தெரியும். உண்ணத்தக்க சாறுள்ள பழம் பெண்மரத்தில்தான்.

துணைக்குளவியும் திருட்டுக்குளவியும்

சிற்றினத்துக்கு ஒரு குளவி என்பது பொது விதி. அத்திக்கு செரட்டோசோலன் ஃபுசிசெப்ஸ், ஆலுக்கு யூப்ரிஸ்டினா மேசோனி, சீமையத்திக்கு பிளாஸ்டோஃபாகா சீனஸ் எனத் தனித்தனிக் குளவிகள் உள்ளன. விதிக்கு விலக்குகளும் ஏராளம். ஒரே சிற்றினத்துக்கு இரண்டு மூன்று குளவி இனங்கள் வருவதும், ஒரே குளவி இரண்டு சிற்றினங்களுக்குப் போவதும் மரபணு ஆய்வுகள் பெருகிய பிறகு பல இடங்களில் தெரியவந்துள்ளன. ஆனாலும் மரங்களின் வம்சாவளியையும் குளவிகளின் வம்சாவளியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பெரிய கிளைகள் ஒத்துப்போகின்றன. இந்தக் கூட்டு ஏழு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இணைப்பரிணாமம் என்பது அந்த ஒப்பீடுகளின் முடிவு. இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த 3.4 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவக் குளவியில் மகரந்தப் பைகள் அப்படியே இருந்தன.

இந்தக் கூட்டுக்குள் திருடர்களும் உண்டு. மகரந்தம் எதுவும் கொண்டுவராமல் வெளியிலிருந்தே காய்ச்சுவரைத் துளைத்து முட்டையிடும் குளவிகள் பல. உடலைவிட நீண்ட ஊசி அவற்றின் கருவி. அத்தியைத் துளைக்கும் ஒரு குளவியின் ஊசி நுனியில் துத்தநாகம் செறிந்து கடினமாகியிருப்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர். அதே கழகத்தில் ரெனே போர்ஜஸ் குழுவினர் அத்திமரத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, காய்களின் வாசனைக்கு எறும்புகள் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்பதையும் விளக்கினர். முசுறு போன்ற எறும்புகள் கொத்துகளின் மேல் ரோந்து சுற்றி, ஊசி நுழைக்க அமரும் குளவிகளைப் பிடிக்கின்றன. மகரந்தக்குளவிகளும் சில வேளை அவற்றிடம் மாட்டும். ஆனால் மகரந்தக்குளவி காய்க்குள் மறைந்துவிடுகிறது, திருட்டுக்குளவி வெளியே நெடுநேரம் நிற்கவேண்டியுள்ளது.

ஆண்டு முழுதும் பழம்

குளவியின் ஆயுள் ஒன்றிரண்டு நாள் என்பது காட்டின் நாட்காட்டியையே மாற்றுகிறது. ஒரு மரத்தின் காய்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் முதிர்கின்றன. அதிலிருந்து கிளம்பும் குளவிகளுக்கு அதே மரத்தில் இடமில்லை. பெண்பூ நிலையில் வேறொரு மரம் தேவை. எல்லா மரங்களும் ஒரே பருவத்தில் காய்த்தால் அடுத்த தலைமுறைக் குளவி இல்லாமல் போகும். எனவே ஒரே சிற்றினத்தின் மரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் காலத்தில் காய்க்கின்றன. ஒரு ஆலமரம் பழுத்து நிற்கும்போது அடுத்த ஊர் ஆல் வெறும் இலையோடு நிற்பது இதனால்தான்.

இதன் பலன் விலங்குகளுக்குக் கிடைக்கிறது. மற்ற மரங்கள் பழம் தராத மாதங்களிலும் காட்டில் எங்கோ ஒரு ஃபைகஸ் பழுத்திருக்கிறது. உலகெங்கும் 1,200க்கும் மேற்பட்ட பறவை, பாலூட்டி இனங்கள் இப்பழங்களை உண்பதாக 2001இல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. பெரு நாட்டின் மானு காடுகளில் ஆராய்ந்த ஜான் டெர்பர், பழப்பஞ்ச மாதங்களில் குரங்குகளையும் பறவைகளையும் தாங்குபவை சில தாவரங்களே என்றும், அவற்றில் ஃபைகஸ் முக்கியமானது என்றும் 1986இல் எழுதினார். அப்போதிருந்து சூழலியல் நூல்கள் இதை ஆதாரச் சிற்றினத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகின்றன. ஆனைமலைக் காடுகளில் கூடு கட்டும் மலை இருவாச்சியின் உணவில் ஃபைகஸ் பழங்களுக்கே பெரும் பங்கு. ஊர்ப்புறத்தில் மைனா, குயில், பச்சைப்புறா, குக்குறுவான் ஆகியவை பகலிலும், பழந்தின்னி வௌவால் இரவிலும் ஒரே மரத்தில் முறைவைத்து மேய்கின்றன. பிற பழங்களோடு ஒப்பிட்டால் இதில் சுண்ணாம்புச்சத்து அதிகம். முட்டை ஓட்டுக்கும் குஞ்சின் எலும்புக்கும் அது தேவை.

விதைகள் கடுகைவிடச் சிறியவை. எச்சத்தோடு எங்கும் போய்ச்சேர்கின்றன. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்துத் தீவின் உயிர்கள் அனைத்தும் அழிந்தன. பறவைகளும் வௌவால்களும் கடல் கடந்து கொண்டுவந்த விதைகளிலிருந்து ஃபைகஸ் மரங்கள் அங்கே மீண்டும் வேரூன்றின. குளவிகளும் கடல் தாண்டி வந்துசேர்ந்தன. அம்மரங்கள் பழுத்ததும் இன்னும் பல பறவைகள் வர, அவற்றோடு பிற மரங்களின் விதைகளும் வந்தன.

நெரிக்கும் வேர், தாங்கும் விழுது

பறவையின் எச்சம் தரையில் மட்டும் விழுவதில்லை. மரக்கவட்டிலும் கோபுரத்தின் சுதை இடுக்கிலும் கிணற்றுச் சுவரிலும் விழுகிறது. பல ஃபைகஸ் சிற்றினங்கள் அங்கேயே முளைக்கப் பழகியவை. அடர்காட்டின் தரையில் வெளிச்சம் இல்லை. உயரே முளைத்தால் வெளிச்சம் உண்டு, மண்தான் இல்லை. முளைத்த கன்று தொற்றுத்தாவரமாகச் சில காலம் மெல்ல வளர்ந்து, மெல்லிய வேர்களைத் தாங்குமரத்தின் வழியே கீழே அனுப்புகிறது. வேர் மண்ணைத் தொட்டதும் வளர்ச்சி வேகம் பிடிக்கிறது. வேர்கள் தடித்து, ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒட்டி இணைந்து, வலையாகச் சூழ்கின்றன. உள்ளே அகப்பட்ட மரம் பருக்க இடமின்றி, மேலே நிழலும் கீழே வேர்ப்போட்டியும் நெருக்க, பல ஆண்டுகளில் பட்டுப்போகிறது. அது உளுத்து உதிர்ந்த பின் நடுவே கூடான வேர்க்கோபுரம் தனி மரமாக நிற்கிறது.

தமிழகத்தின் வறண்ட நிலங்களில் இந்தக் காட்சி பனைமரத்தைச் சுற்றியே அதிகம் தென்படும். பனையின் மட்டை அடிகளில் ஈரமும் குப்பையும் தங்குகின்றன. உச்சியில் பறவைகள் அமர்கின்றன. அங்கே முளைக்கும் ஆலின் வேர்கள் பனையைச் சுற்றி இறங்குகின்றன. பனைக்கு ஆண்டுதோறும் பருக்கும் தன்மை இல்லாததால் வேர்வளையம் அதை உடனே நெரிப்பதில்லை. பல ஆண்டுகள் ஆலின் நடுவிலிருந்து பனையின் தலை எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். கட்டடத்தில் முளைத்த கன்றுக்கு இந்தப் பொறுமை இல்லை. சிறு விரிசலில் புகுந்த வேர் பருத்துக் கல்லையே நகர்த்துவதால் பழைய கோயில்களில் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் தொடக்கத்திலேயே வேரோடு நீக்கவேண்டியிருக்கிறது.

விழுது இதே வேரின் இன்னொரு பயன்பாடு. ஆலின் கிடைக்கிளைகளிலிருந்து தொங்கும் நூல்வேர்கள் மண்ணைத் தொட்டுத் தூணாகின்றன. கிளை மேலும் நீள்கிறது. அடிமரம் அழிந்தாலும் மரம் அழிவதில்லை. கொல்கத்தாவை அடுத்த ஹௌராவில் ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போஸ் தாவரவியல் பூங்காவிலுள்ள பேராலின் அடிமரத்தைப் பூஞ்சை அரித்ததால் 1925இல் அதை வெட்டி அகற்றினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளின் மேல் மரம் இன்றும் நிற்கிறது. ஆந்திரத்தில் கதிரி அருகேயுள்ள திம்மம்மா ஆலமரம் அதன் விரிவுக்காக 1989இல் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அதே ஆண்டில் சென்னை அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் நடுமரம் புயலில் சாய்ந்தது. சுற்றியுள்ள விழுதுமரங்கள் தொடர்கின்றன.

மனிதர் உறவு: சில சிற்றினங்கள்

அரசு பௌத்தத்தோடு பிணைந்தது. புத்த கயையில் இப்போதுள்ள போதிமரம், முந்தைய மரம் 1876இல் விழுந்த பின் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் 1881இல் நட்டது. இலங்கை அனுராதபுரத்தின் ஜய ஸ்ரீ மகா போதியோ, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்தது என்பது மகாவம்ச மரபு. மனிதர் நட்ட காலம் பதிவாகியுள்ள மரங்களில் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. ஆலமரத்தடியில் அமர்ந்த தென்முகக் கடவுளும், அரசமரத்தடிப் பிள்ளையாரும் தமிழகத்தின் ஊர்களில் இம்மரங்களை வெட்டுக்கத்தியிலிருந்து காத்துவந்துள்ளனர்.

அத்தியின் பிஞ்சைக் கூட்டும் பொரியலும் செய்வார்கள். பழத்தைப் பிளந்தால் பூச்சிகள் இருக்கும் என்பதால் மனிதர் அதிகம் தொடுவதில்லை. மரம் மென்மையானது, வெளியில் நெடுநாள் தாங்காது. ஆனால் தண்ணீருக்குள் நெடுங்காலம் தாங்கும் என்பதால் கிணற்று வேலைகளுக்குப் பயன்பட்டது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் குளத்துக்குள் வைக்கப்பட்டு, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படும் அத்திவரதர் திருமேனி அத்திமரத்தாலானது என்பது கோயில் மரபு. அது கடைசியாக வெளிவந்தது 2019இல். ஆல், அரசு, அத்தி ஆகியவற்றோடு இத்தியும் சேர்ந்தால் நாட்டு மருத்துவத்தின் நாற்பாமரம். இத்தி, இச்சி என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் மாறி ஃபைகஸ் மைக்ரோகார்பாவையும் ஃபைகஸ் வைரன்ஸையும் குறிக்கின்றன. பின்னதன் புதுத்தளிர் செம்புநிறத்தில் மரம் முழுவதும் பளபளக்கும். பேயத்தியை இலையிலேயே அறியலாம்: சொரசொரப்பான இலைகள், இப்பேரினத்தில் அரிதாக, எதிரெதிராக அமைந்திருக்கும்.

ரப்பர் செடியாகத் தொட்டியில் வளரும் ஃபைகஸ் எலாஸ்டிகா வடகிழக்கு இந்தியா முதல் மலேசியா வரையிலான காடுகளின் பெருமரம். பிரேசிலிலிருந்து வந்த ரப்பர் மரம் பரவுமுன் அசாமில் இதன் பாலிலிருந்து ரப்பர் எடுத்தார்கள். மேகாலயாவின் காசி, ஜைந்தியா மலைகளில் இதன் வேர்களைப் பாக்குமரத் தண்டுகளின் வழியே ஓடைக்கு அக்கரை செலுத்தி, பல ஆண்டுகளில் உயிருள்ள பாலமாக வளர்க்கிறார்கள். நொங்ரியாத் ஊரின் பாலத்துக்கு இரண்டு அடுக்கு. உகாண்டாவில் புகாண்டா மக்கள் ஃபைகஸ் நடாலென்சிஸ் மரத்தின் உட்பட்டையை அடித்து விரித்துத் துணி செய்கிறார்கள். மெக்சிகோவில் வேறு ஃபைகஸ் மரங்களின் பட்டையில் அதே வேலை காகிதம் தருகிறது. எகிப்தில் ஃபைகஸ் சைகமோரஸ் மரத்தால் சவப்பெட்டிகள் செய்தார்கள். அங்கே அதன் குளவி இல்லாததால் காயைக் கத்தியால் கீறிப் பழுக்க வைக்கும் வழக்கம் பழங்காலம் தொட்டு இருந்தது.

சீமையத்தியின் சாகுபடி

கடைகளில் நார்க்கயிற்றில் கோத்துத் தொங்கும் உலர் அத்தி நம் ஆற்றங்கரை அத்தி அல்ல, ஃபைகஸ் காரிகா. ஜோர்தான் பள்ளத்தாக்கின் கில்கால் என்ற இடத்தில் கிடைத்த கருகிய காய்கள் 11,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. விதை வளராத அந்தக் காய்களைக் கொண்டு, தானியங்களுக்கும் முன்பே மனிதர் கிளை நட்டு வளர்த்த மரம் இது என்று 2006இல் ஓர் ஆய்வுக்குழு வாதிட்டது. எல்லோரும் அதை ஏற்கவில்லை.

பயிரிடும் வகைகள் இருவிதம். பெரும்பாலானவற்றில் மகரந்தம் இல்லாமலே காய் பழுக்கிறது. புனே பகுதியில் விளையும் அத்தி அத்தகையது. துருக்கியின் ஸ்மிர்னா வகைக்கு மகரந்தம் கட்டாயம். குளவி வளரும் ஆண்மரக் காய்களைப் பறித்துப் பெண்மரத்தில் தொங்கவிடும் முறையைக் கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸே விவரித்துள்ளார். 1880களில் இவ்வகைக் கன்றுகளைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனவர்கள் குளவியைக் கொண்டுபோகவில்லை. மரங்கள் செழித்தன, காய்கள் பழுக்காமல் உதிர்ந்தன. 1899இல் குளவி அங்கு நிலைபெற்ற பிறகே விளைச்சல் வந்தது. உலர் அத்தியில் கரகரப்பது விதை. மகரந்தம் வேண்டும் வகைகளில் உள்ளே செத்த குளவியும் பெரும்பாலும் நொதிகளால் கரைந்துவிடுகிறது. பாலைத் தோலில் படவிடாமல் பறிப்பது நல்லது. அது பட்ட இடத்தில் வெயில் அடித்தால் கொப்புளிக்கும்.

குளவி வந்தால் பரவல்

குளவி இல்லாத ஊரில் ஃபைகஸ் அடங்கி வாழும். ஆசியாவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுபோன ஃபைகஸ் மைக்ரோகார்பா அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பல்லாண்டு விதையில்லாமல் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதற்குரிய குளவி அங்கு வந்துசேர்ந்ததும் விதை முளைத்துச் சுவர்களிலும் பாலங்களிலும் பிற மரங்களிலும் பரவியது. இப்போது அது அங்கே களையாகக் கருதப்படுகிறது. சாலையோர அழகுக்கு அயல்நாட்டுச் சிற்றினங்களை நடுபவர்கள் கவனிக்கவேண்டிய அனுபவம் இது.

தன் சொந்த மண்ணில் அதே ஆற்றல் காட்டை மீட்கப் பயன்படுகிறது. வடதாய்லாந்தில் அழிந்த காடுகளை மீட்கும் பணியில் ஃபைகஸ் சிற்றினங்களைச் சேர்த்து நடுகிறார்கள். பழம் தேடி வரும் பறவைகளும் வௌவால்களும் மற்ற மரங்களின் விதைகளைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆலை நட நாற்று கூடத் தேவையில்லை. மழைக்கு முன் வெட்டிய பருத்த போத்து ஒன்றை மண்ணில் ஊன்றினால் வேர்பிடிக்கும். தமிழக ஊர்ச்சாலைகளின் ஆல்கள் பல அப்படி வந்தவையே. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் விழுபவையும் அவைதான். அகற்றிய மரத்துக்கு ஈடாக வேறொரு நிழல்மரம் நடுவதால் நிழல் திரும்பலாம். ஆனால் குளவி ஒன்றிரண்டு நாளில் எட்டும் தொலைவுக்குள், வெவ்வேறு மாதங்களில் காய்க்கும் போதிய எண்ணிக்கை மரங்கள் இருந்தால்தான் ஃபைகஸ் விதை தொடரும். அதனால் இப்பேரினத்தைக் காப்பது என்பது ஒரு தனி மரத்துக்கு வேலி போடுவதோடு முடிவதில்லை. ஊரும் காடும் சேர்ந்த பரப்பில் பல மரங்களை நிலைநிறுத்துவதாகும்.